எப்படி இறந்தார் என்பதையும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்

தருமபுரி மாவட்டத்து முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு திறந்த மடல்



பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும், பணி முடித்து ஊர் திரும்பி, காட்டைக் கழனியைப் பார்த்துக்கொண்டோ வங்கி வாசலில் காவலுக்கு நின்றுகொண்டோ இருக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஊரில் ஒரு பையன் ராணுவத்துக்குப் போக நினைத்தால், எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும், மார்பு எத்தனை விரிய வேண்டும் என்று கேட்டு அவன் முதலில் வந்து நிற்பது ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று பெயர் வாங்கிய உங்கள் வீட்டுத் திண்ணையில்தான். எல்லையிலிருந்து கெட்ட செய்தி வந்தாலும், அந்த இந்திக் குரல் என்ன சொல்கிறது என்று புரியாமல் போனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டார் ஓடி வருவதும் உங்களிடம்தான். பையன் போகும்போதும் நீங்கள்தான் துணை, பெட்டி வரும்போதும் நீங்கள்தான் துணை. அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கோ அதிகாரிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பையன்களில் பலர் இன்று லடாக்கிலும் அசாமிலும் சத்தீஸ்கர் காட்டிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சொல்ல வரும் விஷயம் கசப்பானது: போரில் நம் ஆளே நம் ஆளைச் சுட்டுவிடுவது. எதிரி என்று நினைத்து, அவசரத்தில், இருட்டில், தவறான தகவலை நம்பிச் சுட்டுவிடுவது. நேச நாட்டுப் படையை நேச நாட்டுப் படையே தாக்கிவிடுவது. உங்களில் சிலர் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள், வெளியில் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருப்பீர்கள். நான் கேட்பது அதைப் பற்றித்தான்.

2019 பிப்ரவரி 27-ஆம் தேதி காலையில் இருந்து தொடங்குகிறேன். அந்தத் தேதியைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் விடியற்காலையில் நம் விமானங்கள் பாகிஸ்தானில் உள்ள பாலகோட்டில் குண்டு போட்டுவிட்டு வந்தன. மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் பதிலுக்கு வந்தன. வானில் நடந்த சண்டையில் நம் அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 விழுந்து, அவர் அந்தப் பக்கம் பிடிபட்டார். அவர் வாகா எல்லை வழியாகத் திரும்பி வருகிற வரை, இந்த மாவட்டத்து டீக்கடைகளில் கூட வேறு பேச்சு இல்லை. மார்ச் 1-ஆம் தேதி இரவு அவர் நடந்து வந்த காட்சியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. சரிதான், அழ வேண்டியதுதான்.

அதே பிப்ரவரி 27, அதே காலை, பத்து மணி தாண்டிய சில நிமிடங்களில், காஷ்மீரின் புட்காம் மாவட்டத்தில் நம் விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் ஒன்று எரிந்து விழுந்தது. ஸ்ரீநகர் விமானத் தளத்தில் இருந்து கிளம்பி, சண்டை மூண்டதால் திரும்பி வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர். உள்ளே இருந்த விமானப்படையினர் ஆறு பேரும் இறந்தார்கள். கீழே இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார். விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. நாடே அபிநந்தனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஏழு உயிர்கள் செய்தித்தாளின் உள்பக்கத்துக்குப் போயின.

ஏவுகணை தாக்கித்தான் அந்த ஹெலிகாப்டர் விழுந்தது. அது எதிரியின் ஏவுகணை இல்லை. ஸ்ரீநகர் தளத்தைக் காக்க நம் விமானப்படையே நிறுத்தி வைத்திருந்த, இஸ்ரேலில் செய்த ஸ்பைடர் ஏவுகணை. தளத்தை நோக்கித் தாழ்வாக வந்த ஹெலிகாப்டரை எதிரியின் பறக்கும் பொருள் என்று எண்ணி ஏவிவிட்டார்கள்.

இது எப்படி நடக்கும் என்று விமானப்படையில் இருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை உங்கள் வீட்டுப் பெண்களும் பையன்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். போர் விமானம், ஹெலிகாப்டர் எல்லாவற்றிலும் ஒரு கருவி இருக்கும். தரையில் இருந்து ராடார் ஒரு சங்கேத அலையை அனுப்பி ‘நீ யார்’ என்று கேட்கும். அந்தக் கருவி குறிப்பிட்ட சங்கேத எண்ணில் ‘நான் உங்கள் ஆள்’ என்று தானாகவே பதில் அனுப்பும். ஐ.எஃப்.எஃப். என்று சொல்வது அதைத்தான். அன்று அந்த ஹெலிகாப்டரில் அது அணைந்திருந்தது. அதோடு முடிந்திருந்தால் ஒருவர் தவறு என்று விட்டுவிடலாம். அந்த ஹெலிகாப்டர் புறப்பட்டதும் திரும்புவதும் அதே தளத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். ஏவுகணையை இயக்கியவர்களும் அதே தளத்தில்தான் இருந்தார்கள். ஒரே வேலிக்குள் இருந்த இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு தகவல் போய்ச் சேரவில்லை. வகுத்து வைத்த நடைமுறைகள் மீறப்பட்டன என்பதை விசாரணை கண்டது.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நாடாளுமன்றத் தேர்தல். பாலகோட் மேடைக்கு மேடை பேசப்பட்டது. நம் ஊரிலும் பேசினார்கள். புட்காமை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. தகவல்கள் கசிந்து பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. அக்டோபர் 4-ஆம் தேதிதான், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த விமானப்படைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா, ஹெலிகாப்டர் மீது பாய்ந்தது நம் ஏவுகணைதான், அது பெரிய தவறு, அதை ஒப்புக்கொள்கிறோம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். பிறகு ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. 2023-ல் ஓர் உயர் அதிகாரியைப் பணிநீக்கம் செய்யலாம் என்று அது பரிந்துரைத்தது, அந்த வழக்கு மற்ற நீதிமன்றங்களுக்கும் போனது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பிப்ரவரி கடைசிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஏழு மாதம்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது. அந்த ஏழு மாதமும் ஆறு வீட்டில் தாயும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். உயிரைக் கொடுத்தவனின் வீட்டுக்கு, அந்த உயிர் எப்படிப் போனது என்று நாட்டின் வாயிலிருந்து கேட்பதற்கு அத்தனை மாதம் ஆயிற்று.

இப்போது அரை நூற்றாண்டு பின்னால் போகிறேன். உங்களில் மூத்தவர்கள் 1971 போரில் இருந்தவர்கள். கிழக்கு வங்காளத்தில் இந்தியப் படையும் வங்காள விடுதலைப் படையான முக்தி வாகினியும் தோளோடு தோள் நின்று போரிட்டன. கல்கத்தா துறைமுகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு படகுகளுக்குப் பீரங்கி பொருத்தி, பத்மா, பலாஷ் என்று பெயர் வைத்து, வங்காளக் கடற்படை வீரர்களிடம் கொடுத்தார்கள். அவற்றோடு நம் கடற்படையின் பன்வேல் என்ற சிறு போர்ப் படகும் சேர்ந்துகொண்டது. தலைமை கமாண்டர் எம்.என். சாமந்த். இந்த மூன்று படகுகளும் மோங்லா துறைமுகத்தைப் பிடித்துவிட்டு, 1971 டிசம்பர் 10-ஆம் தேதி ஆற்றில் குல்னாவை நோக்கி மேலேறின. வானத்தில் இருந்து பார்க்கிற நம் விமானிகள் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும் என்று மேல்தளத்தில் மஞ்சள் அடையாளம் போட்டிருந்தார்கள். விமானப்படைக்கும் தகவல் சொல்லியிருந்தார்கள்.

நண்பகல் வாக்கில் குல்னா கப்பல் கட்டும் தளத்தை நெருங்கும்போது வானத்தில் ஜெட் விமானங்கள் தெரிந்தன. நம்முடைய நாட் விமானங்கள். படகுகளில் இருந்தவர்கள் நம் விமானங்கள்தான் என்று நிம்மதியாக இருந்தார்கள். விமானங்கள் திரும்பி, இறங்கி, தாக்கின. பத்மாவும் பலாஷும் தீப்பிடித்து மூழ்கின.

பலாஷின் இயந்திர அறையில் முகமது ருஹுல் அமீன் என்ற வங்காள வீரர் இருந்தார். படகை விட்டுக் குதிக்கச் சொன்னபோதும் அவர் இயந்திரத்தை விட்டு அசையவில்லை, எப்படியாவது படகைக் காப்பாற்றப் பார்த்தார். காயத்தோடு கரையேறிய அவரை, அங்கே காத்திருந்த, பாகிஸ்தானுக்குத் துணை நின்ற ரசாக்கர் படையினர் கொன்றார்கள். அவருடைய கல்லறை குல்னாவில் ரூப்சா ஆற்றங்கரையில் இருக்கிறது. வங்கதேசம் தன் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ‘வீர சிரேஷ்ட’த்தை ஏழே ஏழு பேருக்குக் கொடுத்தது. அந்த ஏழு பேரில் அவர் ஒருவர்.

இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர் இருந்த படகை அழித்தது யாருடைய விமானம் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீரரை நேச நாட்டு விமானமே தாக்கியது, அந்த நெருப்பிலும் அவர் கடமையில் நின்றார் என்று சேர்த்தே சொல்கிறார்கள். அதனால் ருஹுல் அமீனின் வீரம் ஒரு மாற்றுக் குறைந்துவிட்டதா? இந்திய விமானம் தாக்கியது என்று சொன்னதால் இரு நாட்டு நட்பு அன்றோடு உடைந்துவிட்டதா? இல்லை. கமாண்டர் சாமந்துக்கு நம் நாடு மகாவீர் சக்ரா கொடுத்தது. எது எப்படி நடந்ததோ அதை அப்படியே சொல்லிவிட்டு, வீரனுக்கு உரிய மரியாதையையும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

தன் ஆளைத் தானே சுடாமல் இருப்பதில் வெளிநாட்டுப் படைகள் நம்மைவிடத் திறமைசாலிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 148 பேர். அதில் 35 பேர் தங்கள் படையின் குண்டாலேயே இறந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர். 1994 ஏப்ரல் 14-ஆம் தேதி வட ஈராக்கில் நல்ல வெயில் காலையில், இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் அருகில் பறந்து பார்த்துவிட்டே இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை வீழ்த்தின. உள்ளே இருந்த 26 பேரும் போனார்கள். அமெரிக்கர்களோடு பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அதிகாரிகளும் குர்துகளும் அதில் இருந்தார்கள். ஹெலிகாப்டர்களின் அடையாளக் கருவி வேலைதான் செய்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் பகுதிக்குள் வேறு சங்கேத எண் போட வேண்டும் என்ற விவரம் ஹெலிகாப்டர்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தலைக்கு மேலே வானில் சுற்றிய கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஹெலிகாப்டர்கள் அங்கே பறப்பது முன்பே தெரிந்திருந்தது. புட்காமில் நடந்ததும் ஏறக்குறைய இதுவேதான், கால் நூற்றாண்டு கழித்து.

எனக்கு அதிகம் உறுத்துபவை இன்னும் இரண்டு சம்பவங்கள். 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் காந்தகார் பக்கத்தில் கனடா வீரர்கள் இரவில் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மேலே போன அமெரிக்க விமானி, தரையில் தெரிந்த வெளிச்சத்தைத் தன்னை நோக்கிச் சுடுகிறார்கள் என்று எண்ணினார். ‘சுடாதே, பொறு’ என்று கட்டுப்பாட்டில் இருந்து சொன்னார்கள். தற்காப்பு என்று சொல்லி அவர் குண்டு போட்டார். நான்கு கனடா வீரர்கள் இறந்தார்கள். கனடா அரசு தன் பங்குக்கு விசாரணைக் குழு வைத்து, அறிக்கையை மக்கள் முன்னால் வைத்தது. கூட்டாளி நாடு கோபித்துக்கொள்ளுமே என்று மூடி வைக்கவில்லை.

இன்னொன்று அதற்கு நேர்மாறு. பாட் டில்மன் பெயர் பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். கோடிக்கணக்கான சம்பளத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் அவருடைய பிரிவின் ஆட்களே சுட்டதில் இறந்தார். உடன் இருந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே இது தெரியும். ஆனால் எதிரியோடு போரிட்டு வீழ்ந்தார் என்று சொல்லி வீரப்பதக்கம் கொடுத்தார்கள். நாடே பார்க்க அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், மே மாதக் கடைசியில், குடும்பத்துக்கு உண்மையைச் சொன்னார்கள். அவருடைய தாய் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அறிக்கை அறிக்கையாகப் படித்து, நாடாளுமன்றக் குழு வரை கொண்டுபோனார். மகன் இறந்ததைவிட மகன் சாவைப் பற்றிப் பொய் சொன்னதுதான் அந்தக் குடும்பத்தை உலுக்கியது.

நம்முடைய ஒரு தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991-ல் ஜம்மு காஷ்மீரில், ஆபரேஷன் ரக்ஷக் நடவடிக்கையில் இருந்த ஒரு வீரர் சக வீரர் சுட்டதில் இறந்தார். போர்க்களத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கிற கூடுதல் குடும்ப ஓய்வூதியத்தை அவருடைய தாய் கேட்டார். இருபத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறாரே என்று அரசுத் தரப்பு மறுத்தது. ஆயுதப் படைத் தீர்ப்பாயம் தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதை எதிர்த்து அரசு மேலே போனது. 2025-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ராணுவ நடவடிக்கையில் இருக்கும்போது சக வீரரின் குண்டில் இறந்தவருக்கும், எதிரியின் குண்டில் இறந்தவருக்குக் கிடைப்பதைத் தர மறுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். மகனை இழந்து முப்பத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்த தீர்ப்பு.

ஐயாமார்களே, இந்தத் தாய் வடக்கே எங்கோ இருக்கிறவர் என்று எண்ண வேண்டாம். ஏரியூரிலோ தீர்த்தமலைப் பக்கத்திலோ ஒரு தாய்க்கு இது நேர்ந்தால் அவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியுமா? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தருமபுரியில் இருப்பது தெரிந்திருக்கும். ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருப்பது தெரியுமா? கோர்ட் ஆஃப் என்கொயரி என்று படைக்குள்ளேயே ஒரு விசாரணை நடக்கும், அதன் முடிவைத்தான் பின்னால் ஓய்வூதியக் கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள் என்பது தெரியுமா? உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு அதைச் சொல்ல ஊரில் உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

துணை ராணுவத்தில் இருக்கும் பையன்களின் வீடுகள் இன்னும் இக்கட்டானவை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலைத் தவிர மற்றதைத் தர வேண்டியதில்லை. ராணுவம், கடற்படை, விமானப்படைக்கு அப்படி ஒட்டுமொத்த விலக்கு இல்லை. அதே காட்டில், அதே ஆபத்தில் நிற்கிற இரண்டு பையன்களில் ஒருவன் வீட்டுக்குக் கேட்கிற வழி திறந்திருக்கிறது, இன்னொருவன் வீட்டுக்கு அடைத்திருக்கிறது. ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்கும் அவர்கள் போக முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நம் மாவட்டத்தில் சி.ஆர்.பி.எஃப்.க்குப் போகிற பையன்கள் குறைவில்லை. இதை நீங்கள் பேச வேண்டும்.

இப்படிக் கேட்பது படைக்கு அவமானம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். படையின் மரியாதை, யூனிட்டின் மானம் என்று ஒன்று இருக்கிறது, அதை வெளியில் இருக்கிற வாத்தியார் எப்படி அறிவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பையன் தெரியாமல் தன் தோழனைச் சுட்டுவிட்டால் அவன் வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பான். அவன் பெயரை ஊரெல்லாம் பரப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவனையும் காப்பாற்றத்தான் வேண்டும். குண்டு போட்டவன் யார் என்பதைவிட, எந்தத் தகவல் எங்கே நின்றுபோனது, எந்த விதி ஏன் மீறப்பட்டது என்பதுதான் வெளிவர வேண்டியது. அது வெளிவராவிட்டால் அடுத்த புட்காம் வேறொரு தளத்தில் நடக்கும்.

உங்களுக்கே இது தெரிந்த பாடம்தான். சேர்ந்த புதிதில் இரவுக் காவலுக்கு நிற்கும்போது முதலில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இருட்டில் நிழல் அசைந்தால் உடனே சுடச் சொன்னார்களா? ‘தம்! கோன் ஆத்தா ஹே?’ (நில்! யார் வருவது?) என்று உரக்கக் கேட்கச் சொன்னார்கள். ‘தோஸ்த்’ (நண்பன்) என்று பதில் வந்தால் நிறுத்தி, அடையாளம் பார்த்து, அன்றைய சங்கேதச் சொல் சரியா என்று பார்த்துத்தான் உள்ளே விடச் சொன்னார்கள். எதிரே வருவது உங்கள் கர்னலாக இருந்தாலும் நிறுத்தித்தான் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அதே கர்னல் திட்டுவார். பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு சிப்பாய்க்குக் கொடுத்த அந்தப் பொறுப்பு, கோடிக்கணக்கில் விலை போகிற ஏவுகணைக்கு முன்னால் உட்கார்ந்த அறைக்கும் உண்டு.

தன் ஆள் விலகிய பிறகே சுடுவது என்பதை நம் மாவட்டமே அருகில் இருந்து பார்த்திருக்கிறது. வீரப்பனைத் தேடித் தமிழ்நாடு, கர்நாடகம் என்று இரண்டு மாநில அதிரடிப் படைகள் நம் காடுகளிலும் ஒகேனக்கல் பக்கத்திலும் வருடக்கணக்கில் அலைந்தன. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது. காவல்துறை சொன்ன கணக்குப்படி, வீரப்பனை ஏற்றி வந்த ஆம்புலன்சை ஓட்டியவரே அதிரடிப் படையின் ஆள். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, விலகிப் போகிற வரை சுற்றி இருந்தவர்கள் காத்திருந்துதான் சுட்டார்கள். அந்த இரவைப் பற்றி எத்தனையோ கேள்விகள் அன்றைக்கும் எழுந்தன, இன்றைக்கும் இருக்கின்றன, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் உள்ளே தன் ஆள் இருக்கிறார், அவர் வெளியே வராமல் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள் என்றால், அவ்வளவு பதற்றத்திலும் அது செய்யக்கூடிய காரியம்தான்.

இன்னும் பழைய காலத்துக்கும் ஒருமுறை போகிறேன், வாத்தியார் புத்தி விடாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாவட்டத்துக் கரடு, காடு, ஏரிக்கரை எங்கும் கிடைத்தவை. ஒரு கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். வில்லும் வாளும் ஏந்திய வீரன் நிற்பான். உற்றுப் பார்த்தால் மார்பிலும் தொடையிலும் அம்புகள் பாய்ந்து நிற்பதைச் செதுக்கியிருப்பார்கள். மேலே வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர், மாட்டை மீட்கப் போய் எப்படிப் பட்டான் என்று எழுதியிருக்கும். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால், கல்தச்சன் கையில் ஓர் உளியை வைத்துக்கொண்டு, நாலைந்து வரிக்குள் இவ்வளவையும் எழுதினார்கள். அம்பு எங்கே பாய்ந்தது என்பதைக் கூட மறைக்கவில்லை. அந்தக் கல்லுக்குத்தான் பூசை போட்டார்கள்.

இன்று வீரன் ஊருக்கு வரும்போது மூவர்ணக் கொடி போர்த்தி, துப்பாக்கி முழங்கி, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, மாவட்ட ஆட்சியர் மாலை வைக்க அனுப்பி வைக்கிறோம். அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அந்த மரியாதையோடு இறப்பின் காரணமும் அந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும். செய்தித்தாளில் கசிந்து வரக் கூடாது, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி வரக் கூடாது. அவன் யூனிட்டின் அதிகாரி ஒருவர், அந்த வீட்டாருக்குப் புரிகிற மொழியில், நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். விசாரணை முடிந்ததும் அதன் சாரத்தையாவது எழுத்தில் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு ரகசியம் என்று சிலவற்றை மறைக்க வேண்டியிருக்கும், ஏவுகணையின் திறனையோ சங்கேத எண்ணையோ அந்தத் தாய் கேட்கப் போவதில்லை. என் மகன் யார் குண்டில் இறந்தான், வலித்ததா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்றுதான் கேட்பார்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் சங்கங்கள் மாதா மாதம் கூடுகின்றன. முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள். அங்கே நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஓய்வூதிய நிலுவை, கேன்டீன், வீட்டு மனைப் பட்டா, பிள்ளைகள் கல்வி உதவி. எல்லாம் நியாயமானவைதான். அடுத்த கூட்டத்தில் இதையும் சேர்த்து ஒரு தீர்மானமாகக் கொடுங்கள்: நடவடிக்கையில் இறக்கிற ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் விசாரணையின் முடிவு குறித்த காலத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும், துணை ராணுவத்தினரின் குடும்பத்துக்கும் அதே உரிமை வேண்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கட்சி பார்க்க வேண்டாம், யார் இருந்தாலும் கொடுங்கள். ஓய்வு பெற்ற சுபேதாரும் ஹவில்தாரும் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து கேட்கிற கேள்விக்கு இருக்கிற எடை, என்னைப் போன்ற வாத்தியார் கேட்கிற கேள்விக்கு இருக்காது.

காலையில் மைதானத்தில் ஓடுகிற பையன்களிடமும் பேசுங்கள். இந்த வருடமும் அக்னிவீர் தேர்வுக்கு நம் ஊர்களில் இருட்டோடு எழுந்து ஓடுகிறார்கள். நாலு வருடப் பணி, அதில் ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சிக்கே போய்விடும். பழைய சிப்பாய் பத்து வருடத்தில் மெல்ல மெல்லக் கற்றதை இவன் சீக்கிரம் கற்றாக வேண்டும். அவனுக்கு நீங்கள் எத்தனையோ சண்டைக் கதைகள் சொல்வீர்கள். ஒரு தடவை சுடாமல் நின்றதால் தப்பித்த கதை உங்களில் யாரிடமாவது இருக்கும். ரேடியோவில் இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்ததால், முன்னால் இருந்தது நம் ரோந்துப் படை என்று தெரிந்துகொண்ட ஒரு விடியற்காலை இருக்கும். அந்தக் கதைக்குப் பதக்கம் கிடைத்திருக்காது, அதனால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லுங்கள். மேலதிகாரி அவசரப்படுத்தும்போது ‘சாப், கன்ஃபர்ம் ஆகவில்லை’ என்று சொல்கிற துணிச்சலும் சிப்பாயின் வேலைதான் என்பதை நீங்கள் சொன்னால்தான் அவன் நம்புவான்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் தீர்மானத்தின் வாசகத்தை எழுதி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி எல்லாப் பக்கமும் சுற்றுக்கு விடலாம். எழுதுகிற வேலை, நகல் எடுக்கிற வேலை, மனுவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்கிற வேலை எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், பக்கத்தில் உங்கள் படை எண்ணும்.

அன்புடன்,
உங்கள் ஊர் வாத்தியார்
தருமபுரி மாவட்டம்